தண்ணீர் கேன் முதல் ஜவுளிக்கடை பில் வரை: பிபிஏ பற்றி நீங்கள் கேட்டவை

சென்ற இதழில் பிஸ்பீனால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ, பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கெட்டியான, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக், உணவு டின்களின் உட்பூச்சு, கடைகளில் தருகிற பில் தாள் ஆகியவற்றில் இருக்கிற ரசாயனம் இது. உடம்புக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யக்கூடியது என்பதுதான் அதில் சொன்ன விஷயம். அதற்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 20 லிட்டர் கேன் தண்ணீர்தான். கேன் போடுகிற தம்பி காலையிலேயே வண்டியில் ஏற்றி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு மத்தியான வெயிலில்தான் எங்கள் தெருவுக்கு வருவார். தொட்டால் கேன் சுடுகிறது. இரண்டு வயதுக் குழந்தையும் அதைத்தான் குடிக்கிறாள். நிறுத்திவிடட்டுமா?
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

நிறுத்துவதற்கு முன்னால் கேனைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட் வகை, அதைச் செய்யப் பிபிஏ தேவையே இல்லை. 7 என்று இருந்து பக்கத்தில் 'பிசி' என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் பாலிகார்பனேட். வெறும் 7 மட்டும் இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் மற்ற வகைகளில் அடங்காத எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் அந்த எண்தான். கையாலும் ஓரளவு தெரிந்துவிடும்: கட்டை விரலால் அழுத்தினால் குழி விழாமல் கல் மாதிரி நிற்கிற, பல தடவை கழுவி நிரப்பிச் சுற்றில் விடுகிற அந்தக் கனமான கேன்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட்தான்.

பாலிகார்பனேட்டில் பிபிஏ என்பது மேலே தடவிய பூச்சோ கலந்த சாயமோ இல்லை. பிளாஸ்டிக்கே அதனால் ஆனது, மணிமாலையில் மணிகள் கோத்திருப்பது மாதிரி பிபிஏ மூலக்கூறுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. கோக்கும்போது சேராமல் விடுபட்டவை கொஞ்சம் இருக்கும், சூடோ காரமான சோப்போ பட்டால் சங்கிலி முனையில் இருந்து கழன்று வருபவை கொஞ்சம். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் செய்து 2008இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், புது பாட்டில், ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பழைய பாட்டில் இரண்டிலும் சாதாரண வெப்பநிலைத் தண்ணீரை ஊற்றி வைத்தபோது பிபிஏ இறங்கிய அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே பாட்டில்களில் கொதிநீரை ஊற்றியதும் இறங்கும் வேகம் 15இல் இருந்து 55 மடங்கு வரை எகிறியது. கேன் புதுசா பழசா என்று பார்ப்பதைவிட அது எவ்வளவு சூட்டில் நின்றது என்று பார்ப்பது முக்கியம் என்று அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் வண்டித் தண்ணீர் கொதிநீர் இல்லை, ஆனால் சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரம் நிற்கிற கேனை நிழலில் இருந்த கேனுக்குச் சமமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. தம்பியிடம் வண்டிக்கு மேலே ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் தெருவுக்குக் காலையிலேயே வரச் சொல்லுங்கள். கேன் வந்ததும் எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ மாற்றிவிடுங்கள், மொட்டை மாடியிலும் ஜன்னல் ஓரத்திலும் ஸ்டாக் வைக்க வேண்டாம். கீறல் விழுந்து புகை படிந்த மாதிரி மங்கிப்போன கேனை வாங்காதீர்கள். மாற்றிக் கொடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

குழந்தைக்கு, முடிந்தால் குழாய்த் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். குழாய்த் தண்ணீர் நம்பிக்கையாக இல்லை என்றால் கேன் தண்ணீரே தொடரட்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அழுக்குத் தண்ணீரால் வருகிற வயிற்றுப்போக்கு இன்றைக்கே வருகிற ஆபத்து. பிபிஏவுக்குப் பயந்து அதில் போய் விழக் கூடாது.

கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவி ஃபிரிட்ஜில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். அதில் பிபிஏ வருமா?
— விருதுநகர் வாசகர்

வராது. அது பெட். அதற்காக அந்தப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றாதீர்கள், சூட்டில் அதில் இருந்து ஆன்டிமனி என்கிற உலோகம் இறங்கும். நாற்றம் பிடித்ததும் தூக்கிப் போடுங்கள்.

பேத்திக்குப் பால் பாட்டில் வாங்கப் போனால் எல்லாவற்றிலும் 'பிபிஏ ஃப்ரீ' என்று போட்டிருக்கிறது. விலை மட்டும் ஒன்றுக்கு ஒன்று மூன்று மடங்கு வித்தியாசம். எதை நம்பி வாங்குவது?
— மதுரையிலிருந்து ஒரு பாட்டி

சட்டப்படி பார்த்தால் இந்தியாவில் எல்லாப் பால் பாட்டிலும் பிபிஏ இல்லாததாகத்தான் இருக்க வேண்டும் அம்மா. 2015இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பால் பாட்டில்களுக்கான தரத்தைத் திருத்தியபோது பிபிஏவை விலக்கிவிட்டது. ஆனால் டெல்லியில் இருக்கிற டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு அதற்குப் பிறகு கடைகளில் வாங்கிச் சோதித்த பால் பாட்டில்களிலும் உறிஞ்சு கப்புகளிலும் பிபிஏ இருந்தது, 'இல்லை' என்று எழுதி விற்றவற்றிலும் இருந்தது. விதி எழுதியாயிற்று, கடைக்குக் கடை போய் மாதிரி எடுத்துச் சோதிக்கத்தான் ஆள் இல்லை. எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றைத் தாயும் பாட்டியும் கடையில் நின்று கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது சரியே இல்லை.

சரி, லேபிள் உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது, அதற்கு ஒரு ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பெட்ரீஷியா ஹன்ட் என்ற விஞ்ஞானி பெண் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த மருந்தும் கொடுக்காத சாதாரண எலிகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ முட்டையில்தான் குரோமோசோம்கள் தாறுமாறாக இருக்கும். திடீரென்று அது 40 சதவீதத்தைத் தொட்டது. தண்ணீர், தீவனம், காற்று என்று ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டே போனதில், கூண்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் மங்கிப்போய் ஒட்டுகிற பதத்துக்கு வந்திருப்பதைப் பார்த்தார்கள். தரை கழுவ வைத்திருந்த காரமான சோப்பால் யாரோ தவறுதலாக அவற்றைக் கழுவிவிட்டார்கள். பாலிகார்பனேட் அரித்து, பிபிஏ எலிகளின் உடம்புக்குள் போயிருந்தது. பிறகு வேண்டுமென்றே குறைந்த அளவு பிபிஏ கொடுத்துப் பார்த்து, அதே கோளாறு வருவதை உறுதிசெய்து 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்.

கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, இப்போது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், அதே விஞ்ஞானியின் எலிகளில் மறுபடி கணக்கு உதைத்தது. இந்தத் தடவை கூண்டுகள் பாலிகார்பனேட் இல்லை, பாலிசல்ஃபோன் என்ற வேறு வகை. பழுதான அந்தக் கூண்டுகளில் இருந்து பிஸ்பீனால் எஸ் வெளியே வந்திருந்தது. இதை 2018இல் வெளியிட்டார்கள். பிபிஏவுக்கு மாற்று என்று சந்தைக்கு வந்தவற்றில் பிஸ்பீனால் எஸ், பிஸ்பீனால் எஃப் இரண்டும் முக்கியமானவை. பெயரிலேயே தெரிகிறது, ஒரே குடும்பம்தான். உடம்பு ஹார்மோனைப் பிடிக்கிற இடத்தில் இவையும் போய் ஒட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்றைத் தடை செய்தால் அதன் தம்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு 'ஃப்ரீ' என்று எழுதிக்கொள்ளலாம் என்ற நிலைமை இருக்கிற வரைக்கும் அந்த லேபிளுக்காக மூன்று மடங்கு காசு கொடுக்காதீர்கள்.

கண்ணாடி பாட்டில் வாங்குங்கள், உடையும் என்ற பயம் இருந்தால் எவர்சில்வர் பாட்டில் கிடைக்கிறது. ஆறு மாதம் தாண்டிய பேத்தி என்றால் நம் பாலாடையும் சின்ன டம்ளருமே போதும், பாட்டிலைவிடக் கழுவுவதும் சுலபம். பிளாஸ்டிக்தான் என்றால் 5 என்ற எண் போட்ட, பால் நிறத்தில் லேசாக மங்கலாக இருக்கிற பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள், பாலை வேறு பாத்திரத்தில் காய்ச்சி, குடிக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

நாற்பது வருஷமாகப் பிளாஸ்டிக் புழங்குகிறோம், ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்க அரசு பிபிஏ பாதுகாப்பானது என்கிறது, ஐரோப்பா தடை செய்கிறது. இருவரும் படித்தவர்கள்தானே? இதில் வியாபாரப் போட்டி ஏதாவது இருக்குமோ?
— காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

நல்ல கேள்வி ஐயா, கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிபிஏவை முதலில் செய்தவர் ரஷ்ய வேதியியலாளர் டியானின், 1891இல். ஃபீனாலையும் அசிட்டோனையும் சேர்த்துச் செய்வது. அப்போது அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. 1930களில் லண்டனில் எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸ் என்பவர் செயற்கை ஈஸ்ட்ரோஜன் தேடிக்கொண்டிருந்தபோது பிபிஏவையும் சோதித்து, இது ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது, ஆனால் வலு குறைவு என்று 1936இல் எழுதினார். அதைவிட வலுவானதாக அவர் கண்டுபிடித்த டிஇஎஸ் என்ற பொருள்தான் மருந்தாகப் போனது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தாய்களுக்குப் பிறந்த பெண் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களில் சிலருக்கு அபூர்வமான புற்றுநோய் வந்ததை 1971இல் கண்டுபிடித்த பிறகுதான் அது நின்றது. பிபிஏவோ மருந்துக்கடைக்குப் போகாமல் 1953இல் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் பேயர், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக், இரண்டு கம்பெனிகளிலும் தனித்தனியாகப் பாலிகார்பனேட் பிறந்தது அந்த வருஷம். இது ஹார்மோன் மாதிரி நடந்துகொள்ளும் என்பது, பிளாஸ்டிக்காக ஆவதற்குப் பதினேழு வருஷம் முன்னாலேயே அச்சில் இருந்த செய்தி என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட சண்டைக்கு வருகிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல், ஒருவர் தினமும் வாழ்நாள் முழுக்க உட்கொண்டாலும் பாதகமில்லை என்று வைத்த அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 2023 ஏப்ரலில் அதையே 0.2 நானோகிராமாகக் குறைத்தது (ஆயிரம் நானோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோகிராம்). 20,000 மடங்கு! அறுபது கிலோ மனிதருக்கு நாளைக்கு 240 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றிருந்தது 12 நானோகிராமுக்கு வந்துவிட்டது. எலிகளின் நோய் எதிர்ப்பு அணுக்களில் மிகக் குறைந்த அளவிலேயே மாற்றம் தெரிந்ததுதான் காரணம். ஜெர்மனியின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்கவில்லை, 200 நானோகிராம் போதும் என்றது. அதுவும் பழைய அளவைவிட 20 மடங்கு குறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்போது உணவில் இருக்கிற அளவு பாதுகாப்பானது என்ற நிலையில் நிற்கிறது. ஆனால் அதுவும் 2012இல் பால் பாட்டிலிலும் குழந்தைகளின் கப்பிலும் பிபிஏவுக்கு இருந்த அனுமதியை விலக்கிக்கொண்டது, கம்பெனிகள் ஏற்கெனவே கைவிட்டுவிட்டன என்ற காரணம் சொல்லி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவைத் தொடுகிற பொருட்களில் பிபிஏவுக்குத் தடை கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது, பெரும்பாலான பொருட்களுக்கு 18 மாத அவகாசம்.

படித்தவர்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம் என்றால், பழைய நச்சியல் முறையில் அளவு கூடக் கூடத்தான் கெடுதல் கூடும் என்பது அடிப்படை. அதனால் பெரிய அளவு கொடுத்துப் பார்த்து, அதில் இருந்து கீழே கணக்குப் போட்டுப் பாதுகாப்பு அளவை வைப்பார்கள். ஹார்மோன் விஷயத்தில் அது அப்படியே பொருந்துவதில்லை. உடம்பு இயல்பாகவே ஈஸ்ட்ரோஜனை நம்ப முடியாத அளவுக்குக் கொஞ்சமாகத்தான் பயன்படுத்துகிறது, கரு வளர்கிற சில நாட்களில் அந்தக் கொஞ்சம் கூடிக் குறைந்தாலே உறுப்புகளின் அமைப்பு மாறும். இதை ஏற்கிறவர்கள் சிறு அளவு ஆய்வுகளுக்கு எடை கொடுக்கிறார்கள், ஏற்காதவர்கள் கொடுப்பதில்லை.

பணமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் வாம் சால் 2005இல் அதுவரை வந்த குறைந்த அளவு ஆய்வுகளைத் தொகுத்தார். விலங்குகளில் செய்தவை 115. அரசுப் பணத்தில் நடந்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கெடுதல் தெரிந்தது, தொழில் நிறுவனங்களின் பணத்தில் நடந்த 11இல் ஒன்றில்கூடத் தெரியவில்லை. நீங்கள் கேட்ட வியாபாரம் இதுதான்.

'ஒன்றும் ஆகவில்லை' என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. பிபிஏவால் யாரும் மயங்கி விழப் போவதில்லை. சர்க்கரை நோய், இதய நோய், குழந்தையின்மை என்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற நோய்களோடுதான் இதன் தொடர்பைத் தேடுகிறார்கள், மனிதர்களில் தொடர்பு தெரிகிறது, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லுகிற அளவுக்கு இன்னும் போகவில்லை. அதுவரை காத்திருக்கலாமா என்றால், கருவில் இருக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நாள் முழுக்கக் கையில் பில் தாள்தான், அதற்கு நடுவில் சானிடைசர் வேறு. பயப்பட வேண்டுமா?
— சென்னை, தி.நகரில் இருந்து ஒரு சகோதரி

உங்கள் கடிதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெஷினில் இருந்து மை இல்லாமல் சூட்டிலேயே எழுத்து விழுகிற வழவழப்பான தாளில் நிறம் வருவதற்காகத் தூளாகப் பூசியிருப்பது பல தாள்களில் பிபிஏ, சிலவற்றில் பிஸ்பீனால் எஸ். பாட்டிலில் அது சங்கிலியாகப் பிணைந்திருக்கிறது, தாளில் பிணைப்பே இல்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டால் விரலுக்கு வந்துவிடும். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அந்த வகைத் தாள். ஐரோப்பாவில் 2020 ஜனவரி முதல் இந்தத் தாளில் எடைக்கு 0.02 சதவீதத்துக்கு மேல் பிபிஏ இருக்கக் கூடாது. அதற்கு முன் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சானிடைசர்தான் இதில் மோசமான கூட்டாளி. அது தோலின் காப்பைத் தளர்த்துகிறது, ஈரக் கையோடு பில்லைப் பிடித்தால் உள்ளே போவது கூடுகிறது என்று 2014இல் மிசௌரியில் செய்த சோதனை காட்டியது. அந்தக் கையோடேயே பொரித்த உருளைக்கிழங்கைச் சாப்பிடக் கொடுத்தபோது ரத்தத்திலும் சிறுநீரிலும் அளவு ஏறியது. ஆகவே சானிடைசர் போட்டால் நன்றாகக் காய்ந்த பிறகு பில்லைத் தொடுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பில்லைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு இன்னொரு கையில் பையைக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருக்கிற சகோதரிகளுக்கு அந்த மாதங்களில் வேறு வேலை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கையுறையாவது கேளுங்கள். வாங்க வருகிற நாமும் 'பில் வேண்டாம், போனில் அனுப்புங்கள்' என்று சொல்லலாம். அந்தத் தாளைப் பழைய பேப்பரோடும் போடாதீர்கள், மறுசுழற்சியில் கலந்து மற்றத் தாளுக்கும் பிபிஏ பரவுகிறது.

ஊரில் இருக்கேக்கையும் ரின் மீன், இஞ்ச கனடா வந்த பிறகும் ரின் மீன். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் கறி வைப்பம். தேங்காய்ப் பாலும் ரின்தான். கனடாவிலை பிபிஏ தடை எண்டு சொல்லுகினமே, பிறகென்ன பயம்?
— ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்

கனடா இதில் முன்னோடிதான். 2010இல் பிபிஏவை நச்சுப் பொருள் பட்டியலில் சேர்த்த முதல் நாடு. ஆனால் அங்கே தடை பால் பாட்டிலுக்குத்தான், டின்னுக்கு இல்லை. டின் துருப்பிடிக்காமலும் மீனின் புளிப்பும் உப்பும் தகரத்தை அரிக்காமலும் இருக்க உள்ளே எபாக்ஸி பூச்சு போடுவார்கள், அந்த எபாக்ஸி பிபிஏவில் செய்தது. மூடிய பிறகு டின்னோடு சேர்த்துத்தான் அதிகச் சூட்டில் வேகவைப்பார்கள், அப்போதே பூச்சில் இருந்து உணவுக்கு இறங்கிவிடும். இப்போது வட அமெரிக்காவில் பல கம்பெனிகள் வேறு பூச்சுக்கு மாறியிருக்கின்றன, இறக்குமதியாகிற டின்களில் என்ன பூச்சு என்பது டின்னுக்கு டின் வேறு.

எவ்வளவு போகும் என்பதற்கு 2011இல் வந்த ஹார்வர்ட் ஆய்வு ஒன்று: 75 பேர் ஐந்து நாள் தினமும் ஒரு கிண்ணம் டின் சூப் குடித்தார்கள், இன்னொரு ஐந்து நாள் புதிதாகச் செய்த சூப். டின் சூப் நாட்களில் சிறுநீரில் பிபிஏ 1,221 சதவீதம் கூடுதல். இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. பிபிஏ உடம்பில் தங்குவதில்லை, ஈரல் அதை மாற்றி ஒரு நாளுக்குள் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் டின்னும் பிளாஸ்டிக்கும் படாத சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள், சராசரி அளவு 66 சதவீதம் இறங்கியது. தினமும் போடுவதால்தான் தினமும் இருக்கிறது.

அதனால் அடியோடு விடச் சொல்லவில்லை. கிழமைக்கு மூன்றை ஒன்றாக்குங்கள், மற்ற நாட்களுக்கு உறைய வைத்த மீன் அங்கே தாராளமாகக் கிடைக்கும். தேங்காய்ப் பாலுக்குத் துருவல் பாக்கெட்டை வாங்கி மிக்ஸியில் அடித்துப் பிழிந்தால் ருசியும் கூடும், கடலையை டின்னில் வாங்காமல் ஊறப்போட்டு அவியுங்கள். டின்னை அப்படியே அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள், வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அந்த மாதங்களில் டின்னே வேண்டாம்.

ஹோட்டலில் சாம்பார் கவரில் கட்டித் தருகிறார்கள். டீக்கடையில் பேப்பர் கப். இரண்டிலும் பிபிஏதானே?
— தஞ்சாவூர் வாசகர்

இரண்டிலும் இல்லை. கவர் பாலித்தீன், கப்பின் உள்ளே இருப்பதும் மெல்லிய பாலித்தீன் படலம். அதற்காக நல்லது என்று ஆகிவிடாது, 100 மில்லி சூடான பானம் பேப்பர் கப்பில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாக ஐஐடி காரக்பூர் 2020இல் சொன்னது. தூக்குப் போசி கொண்டுபோங்கள், டீக்குக் கண்ணாடி டம்ளர் கேளுங்கள்.

எனக்குப் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்கிற ஹார்மோன் கோளாறு) இருக்கிறது. பிபிஏதான் காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று டெஸ்ட் எடுக்கலாமா?
— கோவை, கல்லூரி மாணவி

டெஸ்டுக்குக் காசு செலவழிக்காதே அம்மா. காலையில் சாப்பிட்டதற்கும் மத்தியானம் சாப்பிட்டதற்கும் அளவு மாறும், ஒரு தடவை எடுத்துப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பிசிஓஎஸ் உள்ள பெண்களின் ரத்தத்தில் பிபிஏ அதிகமாக இருப்பதாக ஆய்வுகள் இருப்பது உண்மை. ஆனால் பிபிஏ வந்ததால் பிசிஓஎஸ் வந்ததா, பிசிஓஎஸ்ஸில் கூடுகிற ஆண் ஹார்மோன் ஈரலின் வேலையைத் தாமதப்படுத்துவதால் பிபிஏ தேங்குகிறதா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் வைக்காமல் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு மாறு, அது எப்படியும் நல்லது. டாக்டர் கொடுத்த மருந்தையும் நடைப்பயிற்சியையும் வீடியோ பார்த்து நிறுத்திவிடாதே. வந்தது உன் தப்பால் இல்லை.

வீட்டுக்குள் இவ்வளவு பேசுகிறோம், வெளியே ஆற்றுக்கும் மண்ணுக்கும் என்ன ஆகிறது?
— திருச்சி, ஆராய்ச்சி மாணவர்

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்து, பிபிஏ இருப்பதை 2014இல் பதிவு செய்தார்கள். காற்றோட்டமுள்ள ஓடுகிற தண்ணீரில் பிபிஏ சில நாட்களிலேயே சிதைந்துவிடும், டிடிடி பூச்சிக்கொல்லி மாதிரி பல வருஷம் தங்காது. ஆனால் சாக்கடை தினமும் புதிதாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிற இடத்தில் அந்தச் சிதைவால் என்ன பயன்? அடியில் இருக்கிற, காற்றுப் புகாத கறுப்புச் சேற்றிலோ அது சீக்கிரம் சிதைவதும் இல்லை. இப்படிப்பட்ட பொருட்கள் கூடினால் ஆண் மீன்களின் உடம்பில், பெண் மீன் முட்டைக்காகச் சுரக்கிற புரதம் சுரக்கத் தொடங்குகிறது, மீன்களில் ஈஸ்ட்ரோஜன் பாதிப்பைக் கண்டுபிடிக்க அதைத்தான் பார்க்கிறார்கள்.

மண்ணுக்கு மோசமானது மின்னணுக் கழிவு. கம்ப்யூட்டர் போர்டு எபாக்ஸியில் செய்தது, சிடி பாலிகார்பனேட். இவற்றை உடைத்து, கொளுத்தி, உள்ளே இருக்கிற செம்பை எடுக்கிற சின்னச் சின்னப் பட்டறைகளிலும் பக்கத்துக் குப்பைமேடுகளிலும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்கு நகரங்களிலும் மேல்மண்ணை எடுத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது, பிளாஸ்டிக் ரசாயனங்களும் பிபிஏவும் கன உலோகங்களும் சேர்ந்தே கிடந்தன. அங்கே கையுறைகூட இல்லாமல் வேலை செய்கிறவர்களையும், குப்பைமேட்டுப் புகையிலேயே குடியிருக்கிறவர்களையும் விட்டுவிட்டு எவர்சில்வர் டப்பாவைப் பற்றி மட்டும் பேசினால் பாதி விஷயம்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக்குகளுக்குத் தடை இருக்கிறது, அந்தப் பட்டியலில் பை, கப், உறிஞ்சுகுழல் உண்டு. பில் தாளோ டின் பூச்சோ கேனோ இல்லை. ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், நம் ஊர்க் கேன் தண்ணீரில் வெயில் காலத்தில் மாதம் ஒரு தடவை அளந்து, தமிழில் வெளியிடுங்கள்.

பையனுக்குப் பல்லில் சொத்தை வராமல் இருக்க ஒரு பூச்சு போட வேண்டும் என்கிறார் பல் டாக்டர். அதிலும் பிபிஏ உண்டாமே?
— சேலம் வாசகி

அந்தப் பிசினைச் செய்ய பிபிஏ பயன்படுவதால் துளி இருக்கலாம். முதல் சில மணி நேரம்தான் எச்சிலில் தெரியும், அப்புறம் குறைந்துவிடும். பூச்சு இறுகியதும் மேல்பரப்பைத் துடைத்துவிடச் சொல்லுங்கள், பையனை நன்றாக வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், விழுங்க வேண்டாம். சொத்தை வந்து பல்லைப் பிடுங்குவதைவிட இது மேல், தைரியமாகப் போடுங்கள்.